வெளிநாட்டுப் பார்சலும் ஜிஎஸ்டியும்: சின்னத் தொழில்கள் பணத்தைக் கோட்டை விடும் இடங்கள்

எஸ்.பி. ரோடு முழுக்க அலைந்தும் கிடைக்காத உதிரிபாகத்தை வெளிநாட்டு இணையதளத்தில் வாங்குவது பெங்களூரின் சின்னப் பட்டறைகளுக்குப் பழகிப்போன விஷயம். நான் பார்த்தவரை இவர்கள் வரியை ஏய்ப்பவர்கள் இல்லை. ஒழுங்காகக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க வழியில்லாமல் நிற்பவர்கள்.

காரணம், ஆர்டர் சொந்தப் பெயரில் போவது. கூரியரிலிருந்து கேஒய்சி கேட்டதும் முதலாளியின் ஆதாரை அனுப்பிவிடுகிறார்கள். பொருள் தனிநபர் இறக்குமதியாகப் பதிவாகிவிடுகிறது. பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) ஜிஎஸ்டி எண் இல்லையென்றால், கட்டிய ஐஜிஎஸ்டிக்கு (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி) இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது விற்பனையில் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. தொழிலுக்கான சரக்கு என்றால் ஐஇசி எண்ணும் (ஏற்றுமதி-இறக்குமதிக்கான பதிவு எண்) ஜிஎஸ்டி எண்ணும் ஆர்டர் போடும்போதே கூரியரிடம் இருக்கட்டும். பார்சல் தேவனஹள்ளி விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிறகு ஆடிட்டரை எழுப்பிப் பயனில்லை.

அடுத்தது கணக்கு. பொருளின் விலையில் 18% போட்டு வைத்துக்கொண்டு, பில் வந்ததும் கூரியர்காரரோடு சண்டை போடுவார்கள். ஐஜிஎஸ்டி அப்படிக் கணக்கிடப்படுவதில்லை. விலையோடு கப்பல் அல்லது விமானக் கூலியும் காப்பீடும் சேர்ந்து 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி 20% என்றால் 2,000, அதன் மேல் 10% சமூகநலக் கூடுதல் வரி 200. ஆக 12,200-க்கு 18%, அதாவது 2,196 ரூபாய். சுங்க வரி விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும். கணக்கின் அடுக்கு மாறாது. இதற்கும் மேல் கூரியரின் கையாளும் கட்டணம் தனி.

வீட்டுக்கு வாங்குபவர்களிடம் இன்னும் ஓடும் பழைய யோசனை, 'கிஃப்ட் என்று எழுதச் சொல்லு' என்பது. 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் விலக்கு. விலையைக் குறைத்து எழுதச் சொல்வது அதைவிட மோசம், பொருளையே பறிமுதல் செய்யலாம்.

பார்சலே வராத இறக்குமதியும் உண்டு: சாஃப்ட்வேர் சந்தா, ஆன்லைன் விளம்பரம். வெளிநாட்டு நிறுவனத்திடம் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருந்தால் அது வரி போடாது. ரிவர்ஸ் சார்ஜில், அதாவது விற்பவருக்குப் பதில் வாங்குபவரே வரி கட்டும் முறையில், 18% நீங்களே கட்ட வேண்டும். கையிருப்பு கிரெடிட்டில் கழிக்க முடியாது, ரொக்கமாகத்தான். அப்புறம் அதையே கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். விற்றுமுதல் 20 லட்சத்தைத் தொடாத, ஜிஎஸ்டியில் பதிவே செய்யாத தொழில் வெளிநாட்டு டிசைனர் ஒருவரிடம் வேலை வாங்கினாலோ, இந்த ரிவர்ஸ் சார்ஜுக்காகவே பதிவு செய்ய வேண்டிவரும்.