லண்டன் ஃப்ளாட்டின் லீஸை நீட்டித்தோம்: என் அனுபவம்

எங்கள் லண்டன் ஃப்ளாட்டின் லீஸில், அதாவது வேறொருவரின் நிலத்தில் வீட்டை வைத்திருக்கும் உரிமைக் காலத்தில், 81 ஆண்டுதான் மிச்சம். இங்கிலாந்துச் சட்டப்படி அது 80க்குக் கீழே போனால், நீட்டிப்பால் கூடும் மதிப்பில் பாதியை நிலச் சொந்தக்காரருக்குக் கொடுக்கவேண்டும். 'மேரேஜ் வேல்யூ' என்பார்கள். அதனால் உடனே நிலச் சொந்தக்காரரிடம் நீட்டிப்புக் கேட்டோம்.

99 ஆண்டு தருகிறேன் என்றார். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், பழைய லீஸ் காலம் முடியும்வரை தரை வாடகை (நிலத்துக்காக அவருக்குக் கட்டும் வாடகை) தொடரும் என்று ஒரு வரி! சரி, வேண்டாம் என்று, சொலிசிட்டர் (வக்கீல்) வழியாக, லீஸ் நீட்டிப்பு உரிமை தரும் 1993 சட்டத்தின் 42ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்தோம். இதில் மிச்சமிருக்கும் காலத்தோடு 90 ஆண்டு கூடும், தரை வாடகையும் ஒழியும். நோட்டீஸ் தேதி மதிப்புதான் கணக்கு. அதனால் பேரம் இழுத்து, லீஸ் 80க்குக் கீழே போனாலும் பயமில்லை. அவருடைய சர்வேயர் (வீட்டை மதிப்பிடுபவர்) செலவும் நம் தலையில், அது அநியாயம்.

அப்புறம் விலை படிந்தது, லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவும் முடிந்தது. வீடு வாங்கி இரண்டாண்டு காத்திருக்கும் விதி 2025 ஜனவரியில் போய்விட்டது. புதிதாக வாங்கியவர்களும் உடனே நோட்டீஸ் கொடுக்கலாம்.