கொறங்காட்டில் ஒரு நாள்: நாயோடு குடும்பமாக நடக்கப் போகிறவர்களுக்கு

கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ மொட்டை மாடியில் நின்று பார்த்தால் ஏதாவது ஒரு மலை கண்ணில் படும். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு நாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நடக்கலாமே என்று தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் வீட்டில் இருப்பது செவலை என்கிற நாட்டு நாய். வயது ஐந்து, எடை பதினெட்டு கிலோ. இரண்டு பிள்ளைகள், மனைவி, சில சமயம் அம்மாயி. இந்தக் கூட்டத்தோடு நாலைந்து வருஷமாக நடந்து கற்றுக்கொண்டதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: மலையை விடுங்கள், கொறங்காட்டுக்கு வாருங்கள்

நம்மைச் சுற்றியுள்ள மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. சத்தியமங்கலம் 2013-லிருந்து புலிகள் காப்பகம். ஆனைமலையும் புலிகள் காப்பகம்தான். இங்கெல்லாம் வளர்ப்பு நாயைக் கொண்டுபோகக் கூடாது. வனத்துறை வேண்டுமென்றே கெடுபிடி செய்வதாக நினைக்க வேண்டாம். நம் நாய் தடுப்பூசி போட்டு நன்றாக இருந்தாலும் அதன் மேலிருக்கிற உண்ணியும் கழிவிலிருக்கிற கிருமியும் செந்நாய்க்கும் நரிக்கும் புதுசு. டிஸ்டெம்பர் என்கிற நோய் ஒரு செந்நாய்க் கூட்டத்தில் புகுந்தால் கூட்டமே காலியாகிவிடலாம். இன்னொரு பக்கம், சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. காங்கேயம் பக்கத்து ஊதியூர் காட்டிலேயே சில வருஷம் முன்பு சிறுத்தை நடமாட்டம் இருந்தது. வெள்ளோடு, நஞ்சராயன் குளம் போன்ற பறவைகள் சரணாலயங்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது என்ன என்று கேட்டால், கொங்கு நாட்டின் அசல் காட்டுவெளிதான் மிச்சம் இருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் சுற்றியுள்ள கொறங்காடுகள். கிளுவை மரத்தை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமுமாக விட்டு வைத்த மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் வளர்ந்தது இந்தப் புல்லில்தான். இரண்டு வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித்தடத்துக்கு இட்டேரி என்று பெயர். நாயோடு நடக்க இட்டேரியைப் போல வழி வேறெங்கும் கிடைக்காது. இரண்டு பக்கமும் வேலி, மண் தரை, மோட்டார் வாகனம் எப்போதாவது ஒன்று. வழியில் ஒரு சின்னக் கரடு இருந்தால் குழந்தைகளுக்கு ஏற ஒரு உயரமும் கிடைத்துவிடும்.

ஆனால் கொறங்காடு யாரோ ஒருவருடைய சொத்து. இட்டேரி பொது வழி, படலுக்கு, அதாவது வேலிக் கதவுக்கு, உள்ளே போவது கேட்டுவிட்டுத்தான். எங்களுக்குத் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் முதல் நாளே போனில் சொல்லிவிடுவோம். யாரும் தெரியாத ஊர் என்றால் வழியில் பார்க்கிற முதல் ஆளிடம், "ஏனுங்க, நாயைக் கூட்டிக்கிட்டு இந்த இட்டேரில போலாங்களா? பட்டி எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டால் போதும். படலைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள். திறந்து கிடந்த படலால் ஒருவருடைய மாடு இன்னொருவர் சோளக்காட்டுக்குள் புகுந்துவிட்டால் அந்த ஊருக்கு இனி நீங்கள் போக முடியாது.

படி 2: மாதமும் மணியும்

மார்கழி, தை இரண்டும்தான் என் கணக்கில் நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் எழும்பி நிற்கும், காலையில் பனி இருக்கும். மாசி பாதியிலேயே பாறை சுட ஆரம்பித்துவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காத்து மண்ணை வாரிக் கண்ணில் போடும். பல்லடம், உடுமலை பக்கம் காற்றாடிகள் வரிசையாக நிற்பதே அந்தக் காத்துக்காகத்தான்.

நாயின் நாள் இப்படி இருக்க வேண்டும்: விடிந்ததும் ஆறரைக்கு நடக்கத் தொடங்கி, ஒன்பதரைக்கு நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும். மூன்றரைக்கு மேல் திரும்பி நடக்க வேண்டும். நடுவிலுள்ள ஆறு மணி நேரமும் மர நிழலில்தான். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், அந்தக் கரடு வரைக்கும் போயிரலாம்" என்கிற பேச்சு பத்து மணிக்கு வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும். முடியவில்லை என்று அது சொல்லவும் சொல்லாது, எசமான் நடக்கிற வரைக்கும் கூடவே வரும். அதனால் எப்போது திரும்புவது என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

முதல் தடவைக்குப் போக வர நாலு கிலோமீட்டர் போதும். குழந்தைகளுக்கும் அதுதான் அளவு.

படி 3: நாய் தயாரா?

ஒரு வயதுக்குக் குறைந்த குட்டியை நீண்ட நடைக்குக் கொண்டுபோக வேண்டாம், எலும்பு முற்றவில்லை. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்கள் மூச்சு விடவே கஷ்டப்படுகிறவை. அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். லேப்ரடாருக்கு நாட்டு நாயில் பாதித் தூரம்.

வெறிநோய்த் தடுப்பூசி வருஷா வருஷம் போட்டிருக்க வேண்டும். எலிக்காய்ச்சலும் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசி, உண்ணி மருந்து இரண்டும் கட்டாயம். குடற்புழு மருந்து கொடுத்துவிட்டுத்தான் கொறங்காட்டில் கால் வைக்க வேண்டும். நாயின் கழிவிலுள்ள ஒரு வகை நாடாப்புழுவின் முட்டை புல்லோடு ஆட்டின் வயிற்றுக்குள் போனால் மூளையில் கட்டியாக வளர்ந்து ஆடு சுற்றிச் சுற்றி வந்து செத்துப்போகும். அதனால் கழிவை அள்ளிப் பையில் கட்டி எடுத்து வருவதும் நடையில் ஒரு வேலைதான்.

படி 4: பையில் என்னென்ன

தண்ணீர்தான் முதல். செவலைக்கு மட்டும் இரண்டு லிட்டர் தனியாக, குடிக்க ஒரு மடக்குக் கிண்ணம். நொய்யல் தண்ணீரை நம்பிப் போகாதீர்கள், திருப்பூருக்குக் கீழே சாயக்கழிவு கலந்த ஆறு அது. குட்டையிலோ பள்ளத்திலோ தேங்கிக் கிடக்கிற தண்ணீரும் வேண்டாம். மார்புப் பட்டை, ஆறடிக் கயிறு, துண்டு, டார்ச், கட்டுத் துணி, டெட்டால் ஒரு சின்னப் புட்டி.

முள்வாங்கி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்புச்சி அரைஞாண் கயிற்றிலேயே தொங்கவிட்டிருப்பார், காட்டுக்குப் போகிற எல்லோரிடமும் அந்தக் காலத்தில் ஒன்று இருக்கும். இன்றைக்கு மருந்துக் கடையில் கிடைக்கிற சின்ன இடுக்கியும் அதே வேலையைச் செய்யும். சீமைக்கருவேல முள் செருப்பையே துளைக்கும், நாயின் பாதத்தைச் சொல்லவே வேண்டாம்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. நம்மூரில் கட்டுச்சோறு என்றால் அரிசிம்பருப்புதான் முதலில் நினைவுக்கு வரும். அதில் சின்ன வெங்காயமும் பூண்டும் இருக்கிறது, இரண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். குழந்தைகள் பாசத்தில் ஒரு கவளம் ஊட்டிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திராட்சையும் சாக்லேட்டும் கூடவே கூடாது. செவலைக்கு உப்பும் தாளிப்பும் போடாத தயிர்சோறு தனி டப்பாவில் போகும்.

படி 5: கயிறு பெரியவர் கையில்

இதை மட்டும் ஊன்றிப் படியுங்கள்.

எங்கள் முதல் நடையில் கயிறு என் மகள் கையில் இருந்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது. வேலி ஓரப் புல்லிலிருந்து ஒரு முயல் குதித்து ஓடியது. கயிறு அவள் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது, செவலை முயலை விட்டுவிட்டு வேலிச் சந்து வழியாகப் பக்கத்துக் கொறங்காட்டுக்குள் பாய்ந்தான். அங்கே முப்பது நாப்பது ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஒன்றையும் கடிக்கவில்லை. ஆனால் ஆடுகள் மிரண்டு நாலாபக்கமும் சிதறின. மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா கையில் குச்சியோடு ஓடி வந்தார்.

"கடிச்சுருந்தா என்ன பண்ணிருப்பீங்க? போன மாசம் ராத்திரில நாயி புகுந்து எங்களுக்கு நாலு உருப்படி போச்சுங்க. எங்கயிருந்து வந்த நாயினு யாருகிட்டப் போயிக் கேக்கறது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடு கடிப்பது பெரிய வேதனை, விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராட்டமே நடத்தியிருக்கிறார்கள். அங்கே போய் ஒரு நாயை அவிழ்த்துவிட்டது போல நாங்கள் நின்றோம். மன்னிப்புக் கேட்டு, சிதறிய ஆடுகளைச் சேர்க்க ஒரு மணி நேரம் கூடவே ஓடினோம். கடைசியில் அந்த ஆத்தாதான், "போங்க சாமி, அந்த வேப்பமரத்தடில உக்காருங்க, நாய்க்கும் மூச்சு வாங்குது பாருங்க" என்று நிழலைக் காட்டினார்.

அன்றிலிருந்து இதுதான் எங்கள் முறை. கயிற்றின் வளையத்துக்குள் மணிக்கட்டை நுழைத்து, வளையம் முடிகிற இடத்தில் கயிற்றையும் சேர்த்து உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். விரலில் சுற்றக் கூடாது, நாய் திடீரென்று இழுத்தால் விரல் போய்விடும். குழந்தைக்கும் பிடிக்க ஆசை இருக்கும் அல்லவா, மார்புப் பட்டையில் இன்னொரு மெல்லிய கயிறு கட்டி அதை அவளிடம் கொடுத்துவிடுகிறோம். பிடித்த சந்தோஷம் அவளுக்கு, உண்மையான பிடி என்னிடம்.

பட்டி நாய்கள் எதிரே வந்தால் நின்றுவிடுங்கள். அது அவற்றின் காவல் எல்லை. நம் நாயைக் காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்கினால் பெரும்பாலும் குரைப்போடு நிற்கும். மயிலைத் துரத்த விடாதீர்கள். கைப்பிடிச் சுவரில்லாத கிணறு நம்மூர்க் காடுகளில் சகஜம், புல் மூடிக் கிடக்கும், குழந்தைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரையில் போவதானால் கயிற்றை இன்னும் குட்டையாகப் பிடியுங்கள். சரிவான சிமெண்ட் சுவரில் விழுந்த நாய் தானாக ஏற முடியாது.

பாறை மேல் ஏறும்முன் புறங்கையைப் பாறையில் வைத்து ஏழு எண்ணுங்கள். கை தாங்கவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

படி 6: நிழலில்

வேம்பு, புளி, எதுவானாலும் முதலில் தரையைக் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர், கால் மணி நேரம் கழித்துத்தான் சோறு. சாப்பிட்டதும் ஓட விடாதீர்கள். குழந்தைகள் ஆள்காட்டிக் குருவியின் சத்தத்தைக் கேட்டு அது எங்கே நிற்கிறது என்று தேடட்டும், இரண்டு மணி நேரம் அதிலேயே போய்விடும். பெரியவர்கள் தூங்கலாம், ஒருவர் மட்டும் முழித்திருக்க வேண்டும்.

படி 7: ஏதாவது ஆனால்

நாக்கு நீண்டு தொங்கி, எச்சில் கெட்டியாக ஒழுகி, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் சூடு தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம். நிழலில் படுக்க வைத்து, அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்றித் துண்டால் விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். வாயில் தண்ணீரைத் திணிக்காதீர்கள். குளிர்ந்த பிறகும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

குளிர்காலக் காலையில் பாம்பு வெயில் காய வரும். நம் பக்கம் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டு. நாயைக் கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருக்கிற ஆஸ்பத்திரி எது என்று கிளம்புவதற்கு முதல் நாளே போனில் விசாரித்து வையுங்கள். மனிதரைக் கடித்தால் 108. வேறு நாய் யாரையாவது கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

படி 8: வீட்டுக்கு வந்ததும்

நாயைக் குளிப்பாட்டும் முன் உலர்ந்த உடம்பிலேயே விரலால் தடவிப் பாருங்கள். காதுக்குள், தாடைக்குக் கீழே, அக்குளில், விரல் இடுக்குகளில். உண்ணி ஒரு சின்னக் கடுகாகத் தட்டுப்படும். முள்வாங்கியால் தோலோடு ஒட்டிய இடத்தில் பிடித்து நேராக இழுங்கள். நசுக்கவோ எண்ணெய் விடவோ வேண்டாம். அடுத்த இரண்டு வாரத்தில் நாய் சோறு தின்னாமல் சோர்ந்து படுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், நடை போன கதையை டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஊசிப்புல்லின் விதை காதுக்குள் போனால் நாய் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருக்கும். செவலைக்குப் போன தையில் அப்படி ஆனது. வெளியே தெரிந்ததை நான் எடுத்தேன், உள்ளே போனதை டாக்டர்தான் எடுத்தார். பிறகு பிள்ளைகளின் தலையையும் கழுத்தையும் பார்த்தோம். என் மகளின் காதுக்குப் பின்னால் ஒரு உண்ணி ஒட்டியிருந்தது. செவலை மேலிருந்து இறங்கியதாக இருக்கும்.