டர்பன் தூக்கத்தோடு மார்கழிக்குப் போகிறவர்களுக்கு

டிசம்பர் விடுமுறையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களுக்குக் கிளம்புகிறவர்கள் விசா, டிக்கெட், சேலைப் பட்டியல் எல்லாம் பார்ப்பார்கள். தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, மூன்றரை மணி நேர வித்தியாசம்தானே என்று. ஆனால் மதுரையில் இரவு பத்தரைக்குப் படுத்தால் உடம்புக்கு அது மாலை ஏழு மணி. காலை ஐந்துக்கு வேன் வந்து நிற்கும்போது உடம்புக்கு ஒன்றரை.

நம் மூளையின் அடிப்பகுதியில் ஒரு சின்ன நரம்புக் கூட்டம் கடிகாரம் போலத் தூக்கத்தின் நேரத்தை நடத்துகிறது. வெளிச்சம் இல்லாவிட்டாலும் அது ஓடும். 1729இல் மைரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் தொட்டாற்சிணுங்கி போன்ற ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமல் அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் மூடின. மனிதர்களுக்குச் சராசரியாக இந்தச் சுற்று 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் தள்ளிப் படுப்பது சுலபம், முன்னதாகப் படுப்பது சிரமம். கிழக்கே போகும்போது கேட்கப்படுவதோ அந்தச் சிரமமானதுதான்.

இந்தக் கடிகாரத்தைத் திருத்துவதில் மற்ற எதையும்விட வெளிச்சத்துக்கே வலு அதிகம். எந்த நேரத்து வெளிச்சம் என்பதில்தான் சூட்சுமம். வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்பு உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். அதற்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். அதற்கு முன் பட்டால் பின்னே தள்ளும். டர்பனில் ஆறு மணிக்கு எழுகிறவருக்கு அந்தத் திருப்பம் இந்திய நேரப்படி ஆறரையிலிருந்து ஏழரைக்குள் வரும். டிசம்பரில் தமிழ்நாட்டில் சூரியன் உதிப்பதும் ஏறக்குறைய ஆறரைக்குத்தான். ஆகவே முதல் நாள் மட்டும் 'காலை வெயில் நல்லது' என்ற அறிவுரையைத் தள்ளி வையுங்கள். எட்டு மணி வரை திரையை மூடியே வைத்துவிட்டு, அப்புறம் வெளியே வந்து நன்றாக வெயிலில் நடக்கலாம். அடுத்தடுத்த நாள்களில் அரை மணி, ஒரு மணி முன்னதாக வெளியே வரலாம். விடியற்காலைத் தரிசனம் நான்காம் நாளுக்கு மேல் இருக்கட்டும் என்று பயண ஏற்பாட்டாளரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் டர்பனே உதவும். டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. தினமும் அரை மணி முன்னதாகப் படுங்கள், எழுந்ததும் வெளிச்சத்தில் நில்லுங்கள். படுக்கையில் போன் வேண்டாம்.

சாப்பாட்டை முதல் நாளிலிருந்தே உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். கல்லீரல் போன்ற உறுப்புகள் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துத்தான் தங்களைத் திருத்திக்கொள்கின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணைச் சுழற்றும். அரை மணிக்கு மேல் படுத்தால் இரவு கெட்டது. பில்டர் காபி மதியத்தோடு சரி. இன்சுலின் போடும் பெரியவர்கள் எந்த நேரத்தில் போடுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்பே ஆரம்பித்துவிடும். கோயில் தெருவில் அறை எடுக்கிறவர்கள் காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள்.

திரும்பி வருவது சுலபம். இரண்டு மூன்று நாள் விடியுமுன்பே விழிப்பு வரும். மாலை வெளிச்சத்தில் கடற்கரையோரம் நடந்தால் அதுவும் சீக்கிரம் சரியாகிவிடும்.