அட்டவணையில் எண்கள் ஆடாமல் நிற்க

வலைப்பக்க அட்டவணையில் எண்கள் வரும் நெடுவரிசைக்கு, ஸ்டைல் ஷீட்டில் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பில்) 'font-variant-numeric: tabular-nums' என்று ஒரு வரி சேருங்கள். அப்புறம் எண்களை வலப்பக்க ஓரமாகச் சீரமைத்துவிடுங்கள்.

பல எழுத்துருக்களில் 1 ஒல்லி, 8 குண்டு. அதனால்தான் 1,111-க்குக் கீழே 8,888 வந்தால் பத்தாம் இடமும் நூறாம் இடமும் நேராக நிற்காமல் விலகித் தெரிகின்றன. இந்த வரி எல்லா இலக்கங்களுக்கும் ஒரே அகலம் கொடுத்துவிடும். நொடிக்கு நொடி மாறும் எண்களுக்குப் பலன் இன்னும் அதிகம்; இலக்க எண்ணிக்கை மாறாதவரை எதுவும் துள்ளாது. இதற்காக மோனோஸ்பேஸ் (எல்லா எழுத்துகளும் ஒரே அகலத்தில் இருக்கும்) எழுத்துருவுக்குப் போவது, என்னைக் கேட்டால், வீண் வேலை.

எழுத்துருவிலேயே இந்த வசதி இல்லையென்றால் மாற்றம் தெரியாது, பிழையும் காட்டாது. தசம இடங்கள் வரிக்கு வரி வேறுபட்டாலும் புள்ளிகள் நேராக வராது. முதலில் எல்லா வரிகளிலும் தசம இடங்களின் எண்ணிக்கையை ஒன்றாக்குங்கள்.