மின்சாரம், வெந்நீர், குளிர்ச்சி: ட்ரைஜெனரேஷனை எடை போடுவது எப்படி

ஒரே எரிபொருளிலிருந்து மின்சாரம், வெந்நீர், குளிர்ச்சி மூன்றையும் எடுப்பதுதான் ட்ரைஜெனரேஷன். எரிசக்தித் தணிக்கைக்குப் போகும் இடத்தில் கேஸ் என்ஜினும், அதன் வெப்பத்தைக் கொண்டே தண்ணீரைக் குளிரவைக்கும் அப்சார்ப்ஷன் சில்லரும் சேர்ந்து ஓடினால், நான் முதலில் கேட்பது ஒரு வாளி ஐஸ் தண்ணீர். சில்லருக்குள் போகும் குழாய், வெளியே வரும் குழாய் இரண்டின் வெப்பநிலை சென்சாரையும் கழற்றி அந்த ஒரே வாளியில் முக்குவேன். இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். தண்ணீர் 12 டிகிரியில் போய் 7 டிகிரியில் திரும்புகிறது. வித்தியாசமே 5 டிகிரிதான். ஒரு சென்சார் அரை டிகிரி பிசகினாலும் குளிர்ச்சிக் கணக்கு 10 சதவீதம் பிசகிவிடும்.

பிறகு நீரோட்டத்தை அளந்து (லிட்டர்/விநாடி), 4.187-ஆலும் வெப்பநிலை வித்தியாசத்தாலும் பெருக்கினால் குளிர்ச்சி கிலோவாட்டில் கிடைக்கும். குளிர்ச்சியை அளக்கும் 'டன்' அலகில் வேண்டுமென்றால் 3.517-ஆல் வகுங்கள்.

எரிவாயுவுக்கு மொத்தக் கலோரி மதிப்பா (எரியும்போது உண்டாகும் நீராவியின் மறைவெப்பமும் சேர்ந்தது), நிகர மதிப்பா (அது சேராதது) என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் சுமார் 10 சதவீத வித்தியாசம் உண்டு. என்ஜின் தயாரிப்பாளர்கள் நிகர மதிப்பில்தான் திறன் சொல்வார்கள்.

இனி முக்கியமான இடம். ஒரு உதாரணம் போடுகிறேன். எரிவாயு 2,500 கிலோவாட், மின்சாரம் 1,000, என்ஜினிலிருந்து மீட்ட வெப்பம் 1,000. அந்த வெப்பத்தில் 300 வெந்நீருக்கு. 700 சில்லருக்குப் போய், சிஓபி (கொடுக்கும் ஒரு பங்கு ஆற்றலுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி) 0.7 என்பதால் 490 குளிர்ச்சியாகிறது. மின்சாரம், வெந்நீர், குளிர்ச்சி மூன்றையும் கூட்டி எரிவாயுவால் வகுத்தால் 71.6 சதவீதம். அறிக்கைகளில் பெருமையாக எழுதுவது இதைத்தான். தயவுசெய்து எழுதாதீர்கள். குளிர்ச்சியும் மின்சாரமும் ஒரே மதிப்புள்ள சரக்கு அல்ல.

இதையே தனித்தனியாகச் செய்ய எவ்வளவு எரிபொருள் பிடித்திருக்கும் என்று பாருங்கள். வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் கூலிங் டவர், மின்சாரச் சில்லரோடு ஒப்பிட்டால் அப்சார்ப்ஷன் சில்லருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தைத் தள்ள வேண்டும். அந்தக் கூடுதல் பம்பு, விசிறிக்கு 50 கழித்தால் நிகர மின்சாரம் 950. நுகர்வோரிடம் வந்துசேரும்போது கிரிட்டின் திறன் 50 சதவீதம் என்றால் அதற்கு 1,900. 90 சதவீத பாய்லரில் வெந்நீருக்கு 333. சிஓபி 5 உள்ள மின்சாரச் சில்லருக்கு 98 கிலோவாட், அதாவது எரிபொருளில் 196. மொத்தம் 2,429. நாம் எரித்ததோ 2,500! கிரிட் 33 சதவீதம் என்றால் அதே நிலையம் சுமார் 29 சதவீதம் மிச்சப்படுத்துகிறது. அதனால் எந்த கிரிட்டோடு ஒப்பிட்டீர்கள் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 50 சதவீத கிரிட் கணக்கில், சில்லருக்குப் போன அந்த 700 கிலோவாட் மிச்சப்படுத்திய எரிபொருள் 196. வெந்நீருக்குப் போயிருந்தால் 778. வெந்நீர்த் தேவை தீர்ந்த பிறகே சில்லருக்கு வெப்பம் போகட்டும்.

வெப்பத்தைப் பயன்படும் இடத்தில் அளக்க வேண்டும். ஒரு மருத்துவமனையில் இரவெல்லாம் சலவைக்கூடம் மூடியிருந்தது. வெப்பம் ரேடியேட்டர் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்க, லாக் புத்தகத்தில் அது 'மீட்ட வெப்பம்' என்றே ஏறியிருந்தது. அன்றிலிருந்து இரவு இரண்டு மணி அளவீடு இல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. சித்திரையில் ஒரு வாரம், மார்கழியில் ஒரு வாரம், இரண்டிலும் இரவும் பகலும் எடுங்கள்.