மொட்டை மாடியில் ஒரு வாடகை போர்ஷன்: எங்கிருந்து தொடங்குவது?

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், வாடகைக்கு விட ஒரு ஃப்ளாட் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சென்னைப் புறநகரில் சொந்த வீடு இருந்து மேலே மொட்டை மாடி சும்மா கிடக்கிறது என்றால், முதலில் மாடியைப் பாருங்கள் என்பேன்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 60 லட்சத்துக்கு ஃப்ளாட் வாங்கி மாதம் 15,000 வாடகை வந்தால், போட்ட பணத்துக்கு வருடம் 3 சதவீதம்தான். ஃப்ளாட்டின் விலை ஏறலாம், அது வேறு கணக்கு. மாடியில் 600 சதுர அடி போர்ஷன், சதுர அடிக்கு 2,300 என்று வைத்தால் 13,80,000. வாடகை 10,000 என்றால், ஒரு மாதம் காலியாகக் கிடப்பது, பெயிண்ட், பிளம்பர், வீட்டு வரி எல்லாம் கழித்தும் சுமார் ஒரு லட்சம் நிற்கும், அதாவது 7 சதவீதத்துக்கு மேல். நிலத்துக்கு ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள், அதனால்தான் இந்த வித்தியாசம். நான் போட்டவை உதாரண எண்கள். உங்கள் தெருவில் டூ-லெட் போர்டு தொங்கும் நாலு வீட்டில் விசாரித்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கீழ்த்தளம் தாங்குமா என்பது. இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பின்னால் மாடி எடுக்கலாம் என்று பில்லர் கம்பிகளை மேலே நீட்டி விட்டிருப்பார்கள் இல்லையா, எங்கள் வீட்டில் அவை பன்னிரண்டு வருடம் வெயிலிலும் மழையிலும் நின்றன. மேஸ்திரி தட்டிப் பார்த்துவிட்டு, "கம்பி நல்லா இருக்கு சார், இதுலயே ஒட்டிடலாம்" என்றார். மனசு கேட்காமல் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வந்தேன். அவர் வயர் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கத் துரு செதில் செதிலாக உதிர்ந்தது, தளத்தை ஒட்டிய இடத்தில் கம்பி நன்றாகவே இளைத்திருந்தது. பில்லர் தலையை உடைத்து, நல்ல கம்பி தெரியும்வரை இறங்கி, அங்கிருந்து புதுக் கம்பி சேர்த்துத்தான் வேலை தொடங்கியது. பழைய டிராயிங் இல்லாததால் ஒரு பில்லர் ஓரமாகப் பள்ளம் தோண்டி அஸ்திவாரத்தின் ஆழத்தையும் பார்த்தார். அவருக்குக் கொடுத்த ஃபீஸ், மொத்தச் செலவில் நான் மனசார கொடுத்த பணம். பில்லரே இல்லாமல் சுவர் தாங்கும் பழைய வீடு என்றால் இந்தப் பரிசோதனை இல்லாமல் ஒரு செங்கல்கூட ஏற்றாதீர்கள்.

அப்புறம் அனுமதி. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி சாதாரண வீடுகளுக்கு எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2. அதாவது அரை கிரவுண்டில், 1,200 சதுர அடி மனையில், எல்லாத் தளமும் சேர்த்து 2,400 சதுர அடி வரை வரலாம், சுற்றிலும் விட வேண்டிய இடத்தை விட்டிருந்தால். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்ற அளவில் வீடு கட்டுவோருக்கு 2024 ஜூலையில், பிளான் விதிப்படி இருக்கிறது என்று நாமே சான்று கொடுத்து அனுமதி வாங்கும் சுயசான்று முறை வந்தது. உங்கள் மாடி அதற்குள் வருமா என்று பதிவு பெற்ற இன்ஜினியரிடம் கேளுங்கள். அனுமதி இல்லாவிட்டால் பேங்க் லோனும் கிடைக்காது.

லோன் என்றதும் ஒன்று: 10 லட்சம், 9 சதவீதம், 15 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 10,140. வாடகை மொத்தமும் அதற்கே போய்விடும். வீடு காலியாக இருக்கும் மாதத்திலும் கட்ட முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

பிளான் போடும்போது படிக்கட்டு வெளியே இருக்கட்டும், கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலே மாடி பாத்ரூம் வரட்டும். பைப் நேராக இறங்கும், நாளைக்கு ஒழுகினாலும் உங்கள் சமையலறைக் கூரையில் ஒழுகாது. 900 சதுர அடி கிடைத்தால் ஒரே பெரிய வீட்டைவிட இரண்டு சின்ன போர்ஷன்கள் எனக்குப் பிடிக்கும், ஒன்று காலியானாலும் இன்னொன்றிலிருந்து வாடகை வரும்.

கரண்டுக்குத் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று நாமே விலை வைத்து வசூலிப்பது குடியிருப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம். தனி இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் அவர்களுக்கே போகும்.

வாடகைக்கு விடும்போது ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் இதே விதிதான். பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அந்தச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாதம். வருமான வரியில், வாடகை வருமானத்திலிருந்து நீங்கள் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கு என்று பில் எதுவும் காட்டாமலே கழித்துக்கொள்ளலாம்.

சாவி கொடுக்கும் அன்று அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டு, சுவரையும் மீட்டர் ரீடிங்கையும் போனில் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது என்ற பேச்சு வரும்போது அந்தப் படங்களைத் திறந்து பார்த்தால் போதும்.