கவுன்சில் வீட்டை வாங்கப் போறீங்களா? ஃபார்ம் போடுறதுக்கு முன்னாடி

இது இங்கிலாந்துல இருக்கறவங்களுக்கு, ஸ்காட்லாந்துல 2016லயும் வேல்ஸ்ல 2019லயும் ரைட் டு பை-யை (கவுன்சில், அதாவது உள்ளாட்சி, வாடகைக்குக் கொடுத்த வீட்டை அதுல இருக்கறவங்களே தள்ளுபடில வாங்கற உரிமை) மூடிட்டாங்க. பிரதமர் தாட்சர் 1980ல கொண்டுவந்த திட்டம், அப்ப பாதி விலைக்குக் கூட கிடைச்சுது, இப்ப அந்தக் கனவோட போகாதீங்க. 2024 நவம்பர்ல இருந்து டிஸ்கவுண்ட் உச்சவரம்பு ஊரைப் பொறுத்து 16,000 முதல் 38,000 பவுண்ட்தான், லண்டன்ல பெரும்பாலும் 16,000, லண்டன் விலைக்கு அது எந்த மூலைக்கு!

மூணு வருஷம் டெனன்டா இருந்திருந்தா இப்போதைக்கு போதும், இதை பத்தாக்கப் போறதா 2025லயே அரசு சொல்லிடுச்சு. ஆர்டிபி1 (RTB1) விண்ணப்ப ஃபார்ம் போடுங்க, பதில் வழக்கமா நாலு வாரத்துல வரணும், அப்புறம் விலை போட்ட ஆஃபர் நோட்டீஸ் வரும்.

ஃப்ளாட்டுன்னா அந்த நோட்டீஸ்ல சர்வீஸ் சார்ஜ் பக்கத்தை ரெண்டு தடவை படிங்க, அடுத்த அஞ்சு வருஷ ரிப்பேர் எஸ்டிமேட் அங்கதான் இருக்கும், கூரை மாத்துறோம் லிஃப்ட் மாத்துறோம்னு உங்க பங்கு ஆயிரக்கணக்குல வரலாம், மார்ட்கேஜ் கணக்கு போடும்போது எல்லாரும் விட்டுடறது இதைத்தான். விலை அதிகம்னு தோணினா டிஸ்ட்ரிக்ட் வேல்யுவர்கிட்ட (அரசு மதிப்பீட்டாளர்) மறுமதிப்பு கேக்கலாம்.

அஞ்சு வருஷத்துக்குள்ள வித்தா டிஸ்கவுண்ட்டைத் திருப்பிக் கட்டணும், முதல் வருஷம்னா முழுசும். பத்து வருஷம் வரைக்கும் விக்கறதா இருந்தா முதல்ல கவுன்சில்கிட்டதான் வாங்கிக்கறீங்களான்னு கேக்கணும்.

கவுன்சில் உங்களுக்கு வீட்டை வித்த காசு முழுசும் இப்ப கவுன்சிலுக்கேதான், ஆனா அதுல அதே மாதிரி இன்னொரு வீடு கட்ட முடியுமான்னா, பெரும்பாலும் முடியாது, கவுன்சில் வீட்டுக்கான வெயிட்டிங் லிஸ்ட்டும் நீண்டுட்டேதான் போகுது.